எண்பது அடி நிழல்

சபாநடேசர் அறக்கட்டளையின் அறவியல் பேராசிரியர் பதவிக்கு யார் வந்தாலும், வந்த அன்றைக்கே அவருடைய சொந்த நிழல் அவரை விட்டுப் போய்விடும் என்பதும், அந்த இடத்தில் தலைப்பாகையும் தொந்தியும் கைத்தடியுமாகச் சபாநடேசரின் நிழல் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதும் பல்கலைக்கழகத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பணி விதிகளின் ஒன்பதாம் அத்தியாயத்தில், ஈட்டிய விடுப்புக்கும் குடியிருப்பு ஒதுக்கீட்டுக்கும் நடுவில், அது அச்சாகியே இருக்கிறது. பவுனாம்பாள் அந்த அத்தியாயத்தை முதுகலை படிக்கும்போதே வாசித்திருந்தாள். முப்பது வருஷம் கழித்து அது தன் காலடிக்கு வரும் என்று அப்போது நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

சபாநடேசர் ஆற்றுக்குத் தென்கரையில் முன்னூறு வேலி நிலம் வைத்திருந்த மிராசுதார். வழக்கம் எதுவோ அதை மட்டும் செய்தவர், அதில் ஒரு பிடி கூட்டியதும் இல்லை குறைத்ததும் இல்லை என்று பேர் வாங்கியவர். எழுபது வயதில் ஒருநாள் சாப்பாட்டின் நடுவில் கையை உதறிக்கொண்டு எழுந்தார், வக்கீலை வரச் சொன்னார், நாற்பது வேலியைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். ‘வழக்கப்படி நடந்த காரியம் தவறாக இருக்க முடியுமா என்பதை ஆராய்ந்து சொல்லத் தகுந்த ஒருவர் நிரந்தரமாக இருக்க வேண்டியது’ என்பது சாசனத்தின் முதல் வரி. என்ன காரியம் என்று எழுதவில்லை. ‘என் வருஷ திதியன்று, பேராசிரியர் தாம் விரும்பும் இடத்தில், சூரியன் இருக்கும்போது, மேற்படி விஷயமாகப் பொதுஜனங்களுக்குப் பேச வேண்டியது’ என்பது கடைசி வரி. கையெழுத்துப் போட்டு ஒரு மாதத்தில் இறந்துபோனார். முதல் பேராசிரியர் ராமபத்திரன் வேலையில் சேர்ந்த அன்று மாலை முற்றத்தில் இறங்கி நடந்தபோது, அவர் தலையில் இல்லாத தலைப்பாகை தரையில் விழுந்தது.

பல்கலைக்கழகம் அதற்குப் பழகிக்கொள்ள அதிக நாள் எடுக்கவில்லை. ராமபத்திரனின் மனைவி வேற்று ஆண்பிள்ளை நிழல் அடுப்பங்கரைக்குள் வரக் கூடாது என்று சொன்னதால், அவர்களுக்கு நேர்வெயில் விழாத வடக்கு வாசல் வீடு ஒதுக்கப்பட்டது. இன்றுவரை அறவியல் பேராசிரியரின் வீடு அதுதான். இரண்டாவதாக வந்த நெல்சன் தேவசகாயம் தென்னங்கீற்று மாதிரி மெலிந்த மனிதர். அவர் வெளியே நின்றால் போதும், தொந்தி விழுந்த இடத்தில் நாலு மாணவர்கள் உட்கார்ந்து படித்தார்கள். அவர் நியமனத்தை எதிர்த்து யாரோ வழக்குப் போட்டபோதுதான், நிழல் சபாநடேசருடையதுதான் என்று நிரூபிக்க, சித்திரை மாதத்து நாலு மணி நிழலின் அளவுக்குத் தகரத்தில் ஓர் அச்சு வெட்டி ஆவண அறையில் வைத்தார்கள். மூன்றாமவர் பதவியில் இருக்கும்போதே காலமானார். நிழல் ஏழு வாரம் முற்றத்தில் தனியாக நின்றது. பெருக்குகிறவர்கள் அதைச் சுற்றிப் பெருக்கினார்கள். நான்காமவரான தண்டபாணி ஓய்வு பெற்ற அன்று அவருடைய சொந்த நிழல் திரும்பி வந்தது, பத்தொன்பது வருஷம் பெட்டியில் கிடந்த வேட்டி போல மடிப்புக் கோடுகளோடு. அதை அவர் ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு ஆட்டோ பிடித்துப் போனார்.

இந்த நால்வரும் திதி நாளில் முற்றத்து மேடையில் மாலை நாலு மணிக்கு வழக்கத்தைப் பற்றிப் பேசினார்கள். சிலர் கிரேக்கத்தில் தொடங்கினார்கள், சிலர் சங்கத்தில் தொடங்கினார்கள். முடிகிற இடம் எல்லாருக்கும் ஒன்றுதான்: இது மேலும் ஆராய வேண்டிய விஷயம்.

பவுனாம்பாள் ஐந்தாவது. முதல் பெண், கீழத்தெருவிலிருந்து வந்த முதல் ஆள். சித்திரையில் அவள் பொறுப்பேற்ற அன்று முற்றத்தில் நிற்க இடமில்லை. நாலு மணிக்கு அவள் வெயிலில் இறங்கினாள். ஐந்தடி உயரம், கையில் துணிப்பை. தண்டபாணி ஓய்வு பெற்ற அன்று விட்டுப்போன இடத்திலிருந்து தலைப்பாகை மெல்லத் திரும்பியது, தரையில் எண்ணெய் நகர்வதுபோல வந்தது, அவள் செருப்பில் பொருந்தியது. அலுவலக உதவியாளர் அபூபக்கர் சாக்கட்டியால் ஓரம் வரைந்தார். இரண்டு பேர் தகர அச்சைத் தூக்கிவந்து மேலே வைத்தார்கள். பதிவாளர் துரைராஜன் குனிந்து சுற்றிவந்து பார்த்துவிட்டு, “அளவு சரியாக உள்ளது” என்று உரக்கப் படித்துக் கையெழுத்துப் போட்டார். சிலருக்கு நிம்மதி, சிலருக்கு ஏமாற்றம். எல்லாருக்கும் ரவா கேசரி கொடுத்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை அவள் அம்மாவைப் பார்க்கப் போனாள். பஸ்ஸிலிருந்து இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்தால் மதகு வரும். மதகைத் தாண்டினால் கீழத்தெரு. மதகிலிருந்து கொஞ்ச தூரம் வெறும் பொட்டல், பிறகு முதல் வீடு, அது அவள் அம்மா குஞ்சம்மாளின் வீடு. மதகைத் தாண்டிப் பத்தடி போன பிறகுதான் பவுனாம்பாளுக்குக் காலில் ஏதோ கழன்றது போல இருந்தது. திரும்பிப் பார்த்தாள். நிழல் மதகுக்கு அந்தப் பக்கம் கைத்தடி ஊன்றி நின்றது. அவள் நின்ற இடத்தில் வெயில் மட்டும் இருந்தது.

“நிழல எங்கடி விட்ட?” என்றாள் குஞ்சம்மாள். வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“மதகுல நிக்கிது.”

குஞ்சம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “அவருதானா? தலப்பாவப் பாத்தா அவரு மாரிதான் இருக்கு. உசுரோட இருந்தப்பவும் அங்கதான் வண்டிய நிறுத்துவாராம். செத்தும் புத்தி மாறல.” பிறகு, “சோறு திங்கிறியா?” என்றாள்.

நிழல் இல்லாமல் ஒருத்தி வாரம் ஒருநாள் வந்து போவதற்குத் தெருவும் பழகிக்கொண்டது. பிள்ளைகள் இரண்டு வாரம் அவள் பின்னால் சுற்றினார்கள், மூன்றாவது வாரம் விட்டுவிட்டார்கள். மதகில் நின்ற நிழலைத்தான் எப்படி வைத்துக்கொள்வது என்று ஆளுக்கொரு வழி இருந்தது. வயதானவர்கள் வயலுக்குப் போகும்போது அதை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள், ஏன் சுற்றுகிறோம் என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. பெண்கள் புல்லுக்கட்டை இறக்கி அதில் இளைப்பாறினார்கள். இளவட்டங்கள் பைக்கை நிறுத்தினார்கள், சீட்டு சூடாகாது. சாயங்காலம் பவுனாம்பாள் திரும்பி வரும்போது அது எழுந்து, பைக்கிலிருந்து தன்னை உருவிக்கொண்டு, அவள் காலோடு சேர்ந்துகொள்ளும்.

பல்கலைக்கழகத்துக்குச் செய்தி போக ஆறு மாதம் ஆனது. துறையில் கங்காதரன் என்று ஒருவர் இருந்தார், அந்தப் பதவிக்குப் பத்து வருஷம் காத்திருந்தவர். அவர் ஒன்பதாம் அத்தியாயத்தில், பேராசிரியரின் காலடியில் நிழல் காணப்பட வேண்டும் என்ற நான்காவது பிரிவை மேற்கோள் காட்டி மனுக் கொடுத்தார். பேராசிரியர் சனிக்கிழமைதோறும் நிழல் இல்லாமல் இருக்கிறார், ஆகவே அன்றைக்கெல்லாம் அவர் பேராசிரியர் இல்லை, ஆகவே அவருடைய பணி தொடர்ச்சியற்றது.

துணைவேந்தர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். காபி வரவழைத்தார். நல்ல மனிதர்.

“மேடம், இத சிம்பிளா முடிச்சிரலாம். அம்மாவ குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிட்டு வந்துருங்க. நீங்க அந்தப் பக்கம் போக வேண்டிய தேவையே இருக்காது. கங்காதரன் மனுவும் தானா செத்துரும்.”

“அம்மா வராது சார்.”

“கேட்டுப் பாருங்க. வயசான காலத்துல வசதியா இருக்கட்டுமே.”

பவுனாம்பாள் கேட்டுப் பார்த்தாள்.

“நான் எதுக்குடி அங்க வரணும்? ஒன் வீட்டுல அந்த ஆளு வேற இருப்பாரு. நான் காலை நீட்டி எங்க உக்கார்றது?” என்றாள் குஞ்சம்மாள்.

“நீ வரலன்னா என் வேல போயிரும்போல இருக்கு.”

“நீ இங்க வராட்டி?”

“போகாது.”

குஞ்சம்மாள் தட்டிலிருந்த கீரையை உருவினாள். “அப்ப வராத” என்றாள். தட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவு சுலபமாக அவள் அதைச் சொன்னது, எத்தனையோ தடவை சொல்லிப் பழகியதுபோல இருந்தது. பவுனாம்பாள் எட்டாம் வகுப்பு முடித்து விடுதிக்குப் போனபோதும் அம்மா அதே வார்த்தையைத்தான் சொன்னாள்.

திங்கட்கிழமை பவுனாம்பாள் பதிவாளருக்கு ஒரு கடிதம் கொடுத்தாள். சாசனத்தின் கடைசி வரிப்படி இந்த வருஷத் திதிச் சொற்பொழிவைக் கீழத்தெருவில், தன் அம்மா வீட்டு வாசலில், நிகழ்த்த விரும்புவதாக எழுதியிருந்தாள்.

துரைராஜன் அதை இரண்டு தடவை படித்தார். முப்பத்தோரு வருஷமாக விதிகளோடு குடும்பம் நடத்துகிறவர். “மேடம், பேசும்போது நிழல் காலடியில காணப்படணும். இல்லேன்னா பதவி காலி. நாலாவது பிரிவு.”

“தெரியும் சார்.”

“அது மதகத் தாண்டாதுன்னு சொல்றாங்களே.”

“தாண்டல இதுவரைக்கும்.”

“அப்புறம் ஏன்?”

“நாலு பேரும் முற்றத்துலயே பேசிப் பாத்துட்டாங்க சார். பதில் கெடைக்கல.”

துரைராஜன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாலு மணின்னு போட்டுரவா?”

“கேட்டுச் சொல்றேன்” என்றாள்.

அந்தச் சனிக்கிழமை குஞ்சம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு மதகைப் பார்த்தாள். பிறகு, சந்தையில் விலை கேட்பவள் போல, “எத்தன மணிக்கு?” என்றாள்.

“நாலு மணிதான் வழக்கம்.”

“வேணாம். வெயிலு தாழட்டும். அஞ்சு மணிக்கு மேல ஆரம்பிச்சு, பொழுது எறங்கற மட்டும் பேசு. பேசுவல்ல அவ்வளவு நேரம்?”

“ஏம்மா?”

“இந்த வீடு ஏன் இம்புட்டுத் தள்ளி இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா? மதகுலேருந்து எண்பது அடி. அந்த ஆளு விடிஞ்சதும் வந்து வண்டிய அங்க நிறுத்துவாரு, வேலைக்கு ஆளு கூப்புட. கெழக்க சூரியன். நம்ம ஆளுங்க நிழலு நீண்டு அவரு பக்கமா விழும். அது அவரு மேல படக் கூடாது. அதுக்கு அளந்து போட்டதுதான் எண்பது அடி. நான் வாக்கப்பட்டு வந்தப்ப அவரு பேரன் காலம், அப்பவும் அதே அளவுதான். எட்டு மணிக்குன்னா இருபது அடி போதும், உச்சிக்கு நாலடி, எல்லாம் எங்களுக்கு மனப்பாடம்.” கீரைக் காம்பைத் தூர எறிந்தாள். “காலையிலதான் வருவாங்க எல்லாரும். சாயங்காலம் ஒருத்தரும் வந்ததில்ல.”

திதி மாசி மாதம் வந்தது. வயலெல்லாம் உளுந்து பூத்திருந்தது. பல்கலைக்கழக வேன் மூன்று நடை அடித்தது. வாடகை நாற்காலிகளைப் பொட்டலில், மேற்கே மதகுக்கு முதுகு காட்டி, கிழக்கே வீட்டைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு நடைபாதை. முன்வரிசையில் துணைவேந்தர், கங்காதரன். தெருக்காரர்கள் பின்னால் நின்றார்கள், நாற்காலி காலியாக இருந்தும் சிலர் உட்காரவில்லை. அபூபக்கர் சாக்கட்டியோடு வந்திருந்தார். தகர அச்சு வேன் மேல் கட்டப்பட்டு வந்து, வேலியில் சாய்ந்து நின்றது.

ஐந்து மணிக்குப் பவுனாம்பாள் மதகைத் தாண்டினாள். நிழல் நின்றுவிட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நடைபாதையில் நடந்துபோய் வாசலுக்கு முன்னால் நின்றாள். பின்னால் நிலைக்கதவில் சாய்ந்து குஞ்சம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சூரியன் நேராகப் பவுனாம்பாளின் முகத்தில் அடித்தது. அவளுக்குப் பின்னால் சுவர் வெளிச்சமாகவே இருந்தது.

கங்காதரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பதிவாளர் சார், அஞ்சு நாலு. நிழல் இல்ல. எழுதிக்கலாமே.”

“சூரியன் இன்னும் இருக்கு சார்” என்றார் துரைராஜன்.

பவுனாம்பாள் பேசினாள். கிரேக்கத்தில் தொடங்கவில்லை. விடியற்காலை ஆறரை மணிக்கு எண்பது அடி என்று தொடங்கினாள். ஏழு மணிக்கு எத்தனை, எட்டு மணிக்கு எத்தனை, களத்துமேட்டில் எத்தனை, கூலி வாங்கும்போது எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும், மழைக்காலத்தில் வெயில் திடீரென்று அடித்தால் எத்தனை எட்டில் பின்னால் ஓட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். குரலில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை, பட்டியல் வாசிப்பது போல. இரண்டு இடத்தில் பின்னால் நின்றவர்களில் யாரோ திருத்தினார்கள். “அறுப்புக் காலத்துல இன்னும் நாலடி கூட, பவுனு” என்றார் ஒரு கிழவர். “சரிங்க மாமா, நாலடி கூட” என்று அதையும் சேர்த்துக்கொண்டாள். இதில் ஒரு அடி கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை என்றாள்.

ஐந்தரை ஆனது. கேட்டவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் அவர்களுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். மதகில் நின்ற கால்கள் அப்படியேதான் நின்றன. ஆனால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது, நின்றவர் நீண்டுகொண்டிருந்தார். முதலில் தலைப்பாகை மதகின் கட்டைச்சுவரில் ஏறி இந்தப் பக்கம் விழுந்தது. பிறகு தோள் வந்தது. நடைபாதையின் வாயை அடைந்தபோது பின்னால் நின்ற பெண்கள் சட்டென்று ஒதுங்கி வழி விட்டார்கள், பழக்கம். ஒருத்தி மட்டும் இடுப்பில் பிள்ளையோடு நின்ற இடத்தில் நின்றாள், அது அவள் கால்மேல் ஏறிப் போனது. ஒவ்வொரு வரிசை நாற்காலியாகக் கடந்து வந்தது. ஒரு மேகம் வந்து சூரியனை மூடியபோது எல்லாம் அழிந்துபோனது, பவுனாம்பாள் தண்ணீர் குடித்தாள், மேகம் போனதும் விட்ட இடத்துக்கு நாலடி முன்னால் தொடங்கியது. துணைவேந்தர் குனிந்து பார்த்துத் தன் பாதங்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அதற்குள் எல்லாருடைய நிழலும் கிழக்கே நீண்டிருந்தது. உட்கார்ந்தவர்களும் நின்றவர்களும் இடுப்பில் பிள்ளையோடு நின்றவளும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தரையில் கிடந்தார்கள், அவர்களுக்கு நடுவில், அவர்கள் மேலும் கீழுமாக, சபாநடேசர் வந்துகொண்டிருந்தார்.

ஆறு மணிக்கு ஒரு நிமிஷம் கழித்துத் தலைப்பாகை பவுனாம்பாளின் கால் விரல்களைத் தொட்டது. அவள் பேச்சை நிறுத்தினாள்.

“இது எப்படி சார்? காலு அங்க இருக்கு, இது வெறும் தல” என்றார் கங்காதரன்.

துரைராஜன் ஒன்பதாம் அத்தியாயத்தைப் பிரித்தார், நான்காவது பிரிவை வாய்க்குள் படித்தார். “நிழலின் கால்னு போடல சார். பேராசிரியரின் காலடியில காணப்படணும். அவ்வளவுதான் போட்டிருக்கு.” கோப்பில் எழுதினார். “ஆறு ஒன்றுக்குக் காணப்பட்டது.” அபூபக்கர் மண்தரையில் சாக்கட்டி பிடிக்காததால் குச்சியால் கோடு கிழித்தார். தகர அச்சை யாரும் எடுக்கவில்லை. எடுத்தாலும் எங்கே வைப்பது என்று தெரிந்திருக்காது.

தலைப்பாகை அங்கே நிற்கவில்லை. சூரியன் இன்னும் நாலு விரற்கடை இருந்தது. அது பவுனாம்பாளைத் தாண்டி வாசலுக்கு வந்தது. குஞ்சம்மாளின் முழங்கால்கள் ஒருகணம் மடங்கின. எழுபத்தெட்டு வருஷமாக மடங்கிய கால்கள். அவற்றைப் பார்த்தாள், மறுபடி நீட்டினாள், முதலில் ஒன்றை, பிறகு இன்னொன்றை. நிழல் அவள் பாதத்தில் ஏறி நின்றது.

“வந்தவரு தலப்பாவக் கழட்டாம வந்திருக்காரு பாரு” என்றாள், பொதுவாக.

பிறகு பொழுது இறங்கியது. எல்லாரும் வேனில் ஏறினார்கள்.

சித்திரையில் வருடாந்தர சரிபார்ப்பு வந்தது. நாலு மணிக்குப் பவுனாம்பாள் முற்றத்தில் நின்றாள். அபூபக்கர் ஓரம் வரைந்தார், தகர அச்சை வைத்தார்கள். தொந்தி பொருந்தியது, கைத்தடி பொருந்தியது, தலைக்கு மேல் ஒரு சாண் தகரம் வெறும் வெளிச்சத்தில் பளபளத்தது. துரைராஜன் இரண்டு தடவை சுற்றி வந்தார். பழைய கோப்புகளை வரவழைத்துப் பார்த்தார். இப்படி ஒரு நிலைக்கு முன்னுதாரணம் இல்லை. அச்சைத் திருத்துவதா, நிழலைக் கேள்வி கேட்பதா என்று ஆட்சிக்குழுவில் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். முடிவில் தகர வேலைக்காரர் ஒருவர் வந்தார். கத்திரியால் தலைப்பாகையை நறுக்கி எடுத்தார்.

“மேடம், இத எடைக்குப் போட்டுரவா?” என்றார் அபூபக்கர்.

பவுனாம்பாள் அதைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை மதகடியில் வழக்கம்போல ஏதாவது கழலும் என்று நடையைத் தளர்த்தினாள். ஒன்றும் கழலவில்லை. மொட்டைத்தலை நிழல் கொஞ்சம் பின்தங்கி, அவளோடு பொட்டலைத் தாண்டி வந்தது.

குஞ்சம்மாள் தகரத்தைப் புரட்டிப் பார்த்தாள், ஓரத்தைத் தரையில் தேய்த்துக் கூர் மழுக்கினாள். உள்ளே போய்க் கஞ்சிப்பானையின் மேல் மூடியாக வைத்து, கையால் ஒரு அழுத்து அழுத்தினாள்.

“அளவு சரியாத்தான் இருக்கு” என்றாள்.